மிதவையில் பூ வரையலாம், தப்பில்லை

போன டிசம்பரில் மகள் ஒரு லாப்ஸ்டர் மிதவைக்கு வண்ணம் அடித்தாள். லாப்ஸ்டர் என்றால் சிங்கி இறால் மாதிரி ஒன்று; அதைப் பிடிக்கக் கடலடியில் இறக்கும் கூண்டு இருக்கும் இடத்தைக் காட்ட, கயிற்றில் கட்டி மேலே மிதக்க விடுவதுதான் மிதவை. நீலத்தில் ஒரு திமிங்கிலம், அதற்குக் கண்ணிமை வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் என்று பழைய மீன்பிடி ஊர். கிறிஸ்துமஸுக்கு அங்கே லாப்ஸ்டர் கூண்டுகளை அடுக்கி மரம் மாதிரி நிறுத்துவார்கள். பிள்ளைகள் தீட்டிய மிதவைகள் அதில் தொங்கும். பிறகு ஏலம் விட்டு, பணம் பிள்ளைகளின் ஓவியக்கூடத்துக்கு. அதை மறைக்காமல் சொல்லியே விற்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எரிச்சல் வந்தது மேய்ன் மாநிலத்தில், ஒரு நினைவுப்பொருள் கடையில். அலமாரி முழுக்கத் தண்ணீரே காணாத பளபள மிதவைகள். "மீனவர்களுக்குக் கைகொடுங்கள்" என்று மேலே ஒரு அட்டை. இதில் மீனவருக்கு எவ்வளவு போகும் என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

நிஜ மிதவைக்கு அலங்காரம் தேவையே இல்லைங்க. மேய்னில் ஒவ்வொரு லாப்ஸ்டர்காரருக்கும் தனி நிறச் சேர்க்கை உண்டு. உரிமத்தில் பதிவு செய்ய வேண்டும், படகிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்ட வேண்டும், மிதவையில் உரிம எண் இருக்க வேண்டும். அலையில் எழும்பித் தாழும் ஆரஞ்சுக் கழுத்தையும் வெள்ளைப் பட்டையையும் தூரத்தில் பார்த்தே யாருடைய கூண்டு என்று சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு 800 கூண்டு வரை அனுமதி. அடுத்தவர் மிதவையில் கை வைத்தால் உரிமத்துக்கே ஆபத்து. படகுத்துறை ஓரம் கிடந்த பழைய மிதவை ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன்: நகத்தால் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் பெயிண்ட், எல்லாம் அதே ஆரஞ்சு. அதன் சொந்தக்காரர் வருஷா வருஷம் உட்கார்ந்து அடித்திருக்கிறார்.

(அங்கத்திய லாப்ஸ்டருக்கு இருக்கும் பெரிய கொடுக்கு நம்மூர் சிங்கி இறாலுக்குக் கிடையாது. முதல்முறை பார்த்தபோது நான் இரண்டடி பின்வாங்கினேன்.)

அந்த லாப்ஸ்டர்காரர்களுக்கு இப்போது என்ன கஷ்டம்? 2016இல் மேய்ன் லாப்ஸ்டர் பிடிப்பு 13 கோடி பவுண்டு எடையைத் தாண்டியது; அதற்குப் பிறகு இறங்குமுகம். கடல் சூடாகிறது. மிதவையிலிருந்து கூண்டுக்கு இறங்கும் அந்தக் கயிற்றில்தான் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் சிக்கக்கூடும். மிச்சம் 400க்கும் குறைவு. அதனால் கயிற்றுக்கு மேல் கயிறாகச் சட்டம், மீனவர்களுக்கு அதில் தீராத கோபம். என் மகள் மிதவையில் திமிங்கிலம் வரைந்ததை எந்த லாப்ஸ்டர்காரராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இதற்கு மேல் 2024 ஜனவரிப் புயல்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு. படகுத்துறைகள் பல பிய்த்துக்கொண்டு போயின. துறை இருந்த இடத்தில் ஒரு கடலோர பங்களா வந்துவிட்டால், அப்புறம் கூண்டை எங்கே இறக்குவது? மிதவை ஓவியத்தில் வரும் காசு ஒரு துறையின் பலகைக்கும் ஆணிக்கும் போகிறது என்றால் நானே நாலு வாங்குவேன். இல்லையென்றால் அந்த அட்டையைக் கழற்றிவிட்டு அழகுக்கு என்று விற்கட்டும்.

மகளின் திமிங்கிலத்தை ஏலத்தில் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்ட விலை பத்தவில்லை. அவளுக்கு இன்னும் என்மேல் கோபம்.