கார் வாங்க வக்கில்லாதவன் எழுதுவது

கார் வீடியோ போடுகிற ஒரு தம்பியின் அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் லிங்க் தரப்போவதில்லை, அவருக்கு வியூஸ் ஏற்றிவிடுவது என் வேலை இல்லை. டெல்லி கார் கண்காட்சியில் பொதுமக்கள் நாளன்று ஒரு குடும்பம் காருக்குள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறது. அதைக் காட்டி, "இதுல ஒருத்தனாவது புக் பண்ணுவானா? வக்கில்லாத கூட்டம். ஜெனீவாவே கடையைச் சாத்திட்டான், இதையும் சாத்துங்கப்பா" என்று தம்பி சிரிக்கிறார். கீழே வண்டி வண்டியாக ஹாஹா.

சரி தம்பி. ஒன்றே ஒன்று சொல்கிறேன். மோட்டார் ஷோ என்பதே வாங்க முடியாதவனுக்காகத்தான். வாங்க முடிந்தவனுக்கு எதற்கு ஷோ? அவர் ஒரு போன் போட்டால் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

ஜெனீவா மோட்டார் ஷோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டதால் அதையே பேசுவோம். 1905-இல் தொடங்கிய ஷோ அது. சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய கார் கம்பெனி எதுவும் கிடையாது. அதனாலேயே ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் எல்லோருக்கும் அது பொதுத் திடலாக இருந்தது. 1961-இல் ஜாகுவார் இ-டைப் அங்கேதான் வெளிவந்தது. ஓட்டிப் பார்க்க ஏகப்பட்ட தள்ளுமுள்ளு, கொண்டுபோன வண்டி போதவில்லை. இன்னொரு வண்டியோடு உடனே கிளம்பச் சொல்லி இங்கிலாந்தில் இருந்த நார்மன் டூயிஸ் என்ற டெஸ்ட் டிரைவருக்குத் தகவல் போக, மனுஷன் கவன்ட்ரியிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு காலையில் ஜெனீவா போய்ச் சேர்ந்தார். லம்போர்கினி மியூரா 1966-இல் வந்ததும் அதே ஊரில்தான்.

2019-இல்கூட அங்கே சுமார் 6 லட்சம் பேர் வந்தார்கள். 2020-இல் கொரோனா. ஷோ தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, 1,000 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சுவிஸ் அரசு தடை போட்டது. கம்பெனிக்காரர்கள் புது வண்டிகளை நெட்டில் லைவாகக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கணக்குப் புரிந்தது: கோடிக்கணக்கில் கொட்டி அரங்கு போட வேண்டாம், பக்கத்து ஸ்டாலில் போட்டிக்காரன் நிற்க மாட்டான், கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பதை நாமே முடிவு பண்ணலாம். அப்புறம் யார் திரும்பி வருவார்கள்? 2023-இல் அதே பெயரை எடுத்துக்கொண்டுபோய் தோஹாவில் நடத்தினார்கள். 2024-இல் ஜெனீவாவுக்குத் திரும்பியபோது ரெனோ, எம்ஜி, பிஒய்டி என்று விரல் விட்டு எண்ணும்படி சில பெரிய பெயர்கள்தான் மிச்சம். மே 31 அன்று இனி ஜெனீவாவில் ஷோ கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆனால், பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த 2024 ஷோவுக்கும் 1,68,000 பேர் போனார்கள் தம்பி. கடையைச் சாத்தியது ஜனங்களா, கம்பெனிகளா?

எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஃபிராங்ஃபர்ட் ஷோ 2021-இல் மியூனிக்குக்கு இடம் மாறியது. 1991-இல் 20 லட்சம் பேர் திரண்ட டோக்கியோ, 2023-இல் பெயரையே 'ஜப்பான் மொபிலிட்டி ஷோ' என்று மாற்றிக்கொண்டது. அதற்கும் 11 லட்சம் பேர் வந்தார்கள். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் இன்னும் திருவிழாக் கூட்டம், ஏனென்றால் அங்கே விற்கிறவனுக்கு ஜனங்கள் முகம் தேவைப்படுகிறது.

"அண்ணே, யூடியூப்ல 4கே-ல பார்க்கலாமே." பாருங்கள், யார் வேண்டாம் என்றது? பின் சீட்டில் உங்கள் அப்பாவுக்கு முழங்கால் இடிக்குமா என்று 4கே சொல்லுமா? "கம்பெனி என்ன தர்ம சத்திரமா?" இல்லைதான். ஆனால் விளம்பரத்தில் மட்டும் 'நூற்றிநாற்பது கோடி இந்தியர்களின் கனவு' என்கிறார்களே, அந்தக் கனவைத் தொட்டுப் பார்க்க வந்தவன் உங்களுக்கு வக்கில்லாத கூட்டமா? சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 2019-இல் ஃபிராங்ஃபர்ட் வாசலையே மறித்துப் போராடினார்கள். அது நியாயமான கேள்வி, இன்னொரு நாள் பேசுவோம்.

"நானோவைப் பார்க்கவும்தான் கூட்டம் அலைமோதியது, என்ன ஆச்சு?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். 2008 ஜனவரியில் டெல்லி பிரகதி மைதானில் ரத்தன் டாடா அந்த வண்டியை மேடைக்கு ஓட்டி வந்ததை டிவியில் பார்த்து, எங்கள் தெருவே ஒரு வாரம் அதையே பேசியது. விற்கவில்லை, உண்மைதான். அதற்குப் பார்க்க வந்தவன் என்ன பண்ணுவான்?

கொஞ்சம் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் அப்பாவை ஒரு ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள். டிவிஎஸ் ஃபிஃப்டியை வாசலில் நிறுத்தியதிலிருந்தே பார்வை சரியில்லை. உள்ளே போனதும் "சார் பட்ஜெட்?" வண்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு சார், அவர் வெளியே போயிருக்கார்." அப்பா கண்ணாடியோடு நெற்றியை ஒட்டி வைத்து, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு டேஷ்போர்டைப் பார்த்தார். நாங்கள் கிளம்பி ரோட்டுக்கு வருவதற்குள் வேறு ஒருவருக்கு அதே கார் திறந்துகொண்டது. மேனேஜர் பறந்து வந்திருப்பார் போல. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம் கம்பெனி வேலையாக கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவுக்குப் போனேன். லாரி ஸ்டாலில் ஒரு வயதான டிரைவர், ராஜஸ்தான் பக்கம் போல, கேபினில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அங்கே நின்ற பையன் பரவாயில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், கிளட்ச்சை மிதித்துப் பார்த்தார், இறங்கிக் கீழே குனிந்து லீஃப் ஸ்பிரிங்கை எண்ணினார். அவரை யாரும் பட்ஜெட் கேட்கவில்லை. அவர் அந்த லாரியை வாங்குவாரா? மாட்டார். ஆனால் வாங்குகிற முதலாளி அவரிடம்தானே வந்து கேட்பார்?

இப்போதெல்லாம் அறிமுகம் தனி விழாவாகிவிட்டது. 2024 நவம்பரில் மஹிந்திரா தன் புது மின்சார கார்கள் இரண்டை நம்ம சென்னையிலேயே அறிமுகம் செய்தது. நான் போனில்தான் பார்த்தேன். இந்த மாதிரி விழாக்களுக்கு அழைப்பு யாருக்கு வரும்? தம்பி மாதிரி ஆட்களுக்கு வரும். பிளைட் டிக்கெட், ஹோட்டல் ரூம், போகும்போது ஒரு பை. டிக்கெட் எடுக்காமல் போகிறவருக்கு, ஸ்லீப்பரில் இரண்டு ராத்திரி படுத்துப் போகிறவன் வக்கில்லாதவன்.

கமென்ட்டில் "அண்ணே நீங்க என்ன கார் வச்சிருக்கீங்க" என்று வரப்போகிறவர்களுக்கு: பழைய வேகன்-ஆர், செகண்ட் ஹேண்ட், ஏசி வேலை செய்யாது. அடுத்த டெல்லி ஷோவுக்கும் போவேன், எல்லாக் காரிலும் ஏறுவேன், போட்டோவும் போடுவேன். கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சேர்ந்து டிக்கெட் போடலாம். தம்பிக்கும் சேர்த்துப் போடுகிறேன், அப்பர் பெர்த் சம்மதமென்றால்.