கேஸ் நடந்தால் ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) தகவல் கிடைக்காதா?

குளத்து அளவீட்டு ஆவணம் கேட்டவருக்கு, "நாகர்கோவில் கோர்ட்டில் கேஸ் நடக்குது, ஆர்டிஐயில் எதுவும் தரமாட்டாங்க" என்று மேலே ஓர் அண்ணன் பதில் போட்டிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 8(1)(பி) விலக்குவது இரண்டைத்தான்: வெளியிடக் கூடாது என்று நீதிமன்றமோ தீர்ப்பாயமோ வெளிப்படையாகத் தடுத்த தகவல், வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகக்கூடிய தகவல். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது (ஆபீஸில் சொல்ல வசதியான பதில், அவ்வளவுதான்). சட்டத்தின் உரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். கேஸ் நம்பர் தெரிந்தால் இகோர்ட்ஸ் தளத்தில் (நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இணையதளம்) அப்படித் தடை உத்தரவு ஏதும் இருக்கிறதா என்றும் தேடலாம். மறுப்புக் கடிதம் வந்தால் அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடலாம்.