அதிகாரத்தைப் பறித்தால் வீடு வந்துவிடுமா?
உள்ளாட்சி மன்றங்களிடமிருந்து எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பறித்தாலே வீட்டுத் தட்டுப்பாடு தீர்ந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படியென்றால் நியூசிலாந்தின் ஆக்லாந்தை என்ன சொல்வது? 2016-ல் அங்கே குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு வழிவிட்ட திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது மாநகர மன்றம்தான். சரி, அதை அலசிப் பரிந்துரைத்த தனிக் குழுவை அமைத்தது மத்திய அரசு. அந்த உந்துதல் இல்லாமல் நடந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானிலும் அதிகாரம் முழுதாக மேலே போய்விடவில்லை: குடியிருப்பு, வணிகம், தொழில் என்ற நில மண்டல வகைகளைத் தேசியச் சட்டம் வகுக்கிறது, எந்தப் பகுதிக்கு எது என்பதை வரைபடத்தில் குறிப்பது உள்ளூர் நிர்வாகம். மக்கள் கருத்துக் கேட்பே வீண் என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கும் விதம்தான் வீண். எங்கள் பக்கத்து மனைக்கான அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள். மழையில் மை கரைந்து, ஆட்சேபத்துக்கான கடைசித் தேதி மட்டும்தான் படிக்க முடிந்தது. அதுவும் முந்தின நாளே முடிந்திருந்தது.