யூரி நிக்குலின் போரில் இருந்தவர்தான்

சோவியத் நடிகரும் சர்க்கஸ் கோமாளியுமான யூரி நிக்குலின் சிறுவயதிலேயே சர்க்கஸில் சேர்ந்ததால் இரண்டாம் உலகப் போருக்குப் போகவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. 1921-இல் பிறந்த அவர், பள்ளி முடித்த கையோடு 1939-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். சோவியத்-பின்லாந்துப் போரிலும், ஜெர்மன் படைகள் லெனின்கிராட் நகரைச் சூழ்ந்த முற்றுகையின்போதும் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் இருந்தார். விடுவிக்கப்பட்டது 1946-இல். திரைப்படக் கல்லூரி சேர்க்க மறுத்த பிறகே மாஸ்கோ சர்க்கஸின் கோமாளிப் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். அதாவது, சர்க்கஸுக்கு முன்பே ஏறக்குறைய ஏழு ஆண்டு ராணுவம்!

நீங்களே சரிபார்க்கலாம். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'பாமியத் நரோதா' (மக்களின் நினைவு) என்ற போர்வீரர் ஆவண இணையதளத்தில் பெயரை ரஷ்ய எழுத்தில் தேடுங்கள். நிக்குலின் அங்கே பரவலான குடும்பப்பெயர். விளாதிமிரோவிச் என்ற தந்தைவழிப் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்க்காவிட்டால் வேறு வீரர்களின் ஏடுகள் கலந்துவிடும். அவர் பெற்ற பதக்கங்களில் 'லெனின்கிராட் பாதுகாப்புக்காக' என்பதும் ஒன்று.