படகின் சிவப்புக் கயிறும் நூறு டாலர் அபராதமும்

சென்ற வாரம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே உள்ள லூயிஸ்வில் ஏரியில், ரோந்து வந்த காவலர் ஒருவர் என் நண்பரின் படகை மறித்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ளாமல் வேகமாக ஓட்டியதற்காக எச்சரித்து அனுப்பினார். அன்றிரவு எங்கள் வாட்ஸாப் குழுவில் நண்பர், "விழுந்தால் நான்தானே விழப்போகிறேன், இதில் அரசாங்கத்துக்கு என்ன வந்தது?" என்று கேட்க, ஏழெட்டுப் பேர் அதற்குக் கைதட்டல் பொம்மை போட்டார்கள். அங்கே பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

படகு வைத்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய தொலைபேசியின் ரிசீவரில் இருக்குமே, அதுபோல் சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு. அதன் ஒரு முனையில் உள்ள பிளாஸ்டிக் கிளிப் ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சில் பொருந்தியிருக்கும். மறு முனையை ஓட்டுநர் தம் உயிர்காப்பு அங்கியிலோ தொடையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் இடம்பெயர்ந்து விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நின்றுவிடும். டிரெட்மில்லில் தொங்கும் கிளிப்பும் இதே வேலைக்குத்தான். அதையும் நாம் யாரும் மாட்டுவதில்லை என்பது வேறு கதை.

நண்பரின் வாதம் ஹெல்மெட்டுக்கு ஓரளவு பொருந்தலாம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து ஓட்டி, போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்த்துப் பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள்தாமே நாம். அங்கே உடைவது பெரும்பாலும் ஓட்டியவரின் மண்டைதான். படகில் நடப்பது வேறு. ஓட்டுநர் விழுந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பிடிக்க ஆளில்லாத ஸ்டீயரிங்கை, படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரின் சுழல்விசை ஒரு பக்கமாக இழுத்துத் திருப்பிவிட, படகு நேராக எங்கோ போய்விடாமல் இறுக்கமான வட்டமடித்து, விழுந்தவர் கிடக்கும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அந்த வட்டத்துக்குள் யார் இருந்தாலும், அது நீச்சலடிக்கும் பக்கத்துப் படகுக் குழந்தையாக இருந்தாலும், புரொப்பல்லருக்கு எல்லாம் ஒன்றுதான். நிமிடத்துக்கு 3,200 சுற்று சுழலும் மூன்று இதழ் புரொப்பல்லர் ஒரே நொடியில் 160 முறை வெட்டும் என்பது சாதாரணப் பெருக்கல் கணக்கு. "பார்த்து விலகிக்கொள்ளலாம்" என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பேட்ஸ்டோ ஊரை ஒட்டிய கேமல் கழிமுகத்தில் 2013 மே 5 அன்று நடந்த விபத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விடுமுறைக்கு வந்திருந்த ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம், ஒரு திருப்பத்தில் அதிவேகப் படகிலிருந்து மொத்தமாகத் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டது. கயிறு ஓட்டுநரின் உடலில் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து அவர்கள் மீதே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள், தாயும் மகனும் படுகாயமடைந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த அந்தப் படகை, உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து அதனுள் தாவித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஓட்டுநரின் தொடையில் அந்தக் கயிறு இருந்திருந்தால் ஆறு பேரும் நனைந்த உடையோடு கரை சேர்ந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் சட்டம் இரண்டு படிகளாக வந்தது. 26 அடிக்குக் குறைவான, ஏறக்குறைய மூன்று குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் பொருத்திய படகுகளில் இந்தச் சுவிட்சைத் தயாரிப்பாளரே பொருத்தித் தர வேண்டும் என்று 2018 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் கூறியது; சுவிட்ச் இருந்தால் ஓட்டுபவர் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டெக்சஸ் 2019-லேயே தனக்கென ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. கூட்டாட்சி விதியின் கீழ் முதல் முறை அபராதம் 100 டாலர், பிறகு 250, அதன் பிறகு 500. படகைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போதும் மெதுவாக ஊர்ந்து தூண்டில் போடும்போதும் கயிறு கட்டாயமில்லை; மூடிய அறைக்குள் இருந்து ஓட்டும் படகுகளுக்கும் விலக்கு உண்டு. இதை அடக்குமுறை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. சுவிட்சே இல்லாத பழைய படகுகளை விட்டுவைத்திருப்பதுதான் என் குறை. பழைய எஞ்சினின் புரொப்பல்லரும் அதே வேகத்தில்தான் வெட்டுகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். கயிறு மாட்டியிருப்பதை மறந்து, பின்னால் இருப்பவருக்குத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுக்கத் திரும்பினால், எஞ்சின் சட்டென்று அணைந்து எல்லாரும் முன்னால் சாய்வார்கள். அது உண்மையான தொல்லைதான். அதற்குத்தான் கயிறில்லாத மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அங்கியில் செருகிக்கொண்டால், தண்ணீரில் விழுந்ததும் அதுவே எஞ்சினை நிறுத்திவிடும், கூட்டாட்சிச் சட்டமும் அதை ஏற்கிறது. சில வகைகளில் பயணிகளும் ஆளுக்கொன்று அணியலாம். படகுக்கும் அதை இழுக்கும் டிரக்குக்கும் கடன் வாங்கிய கை, இதற்கு மட்டும் ஏன் கூசுகிறது என்பது எனக்குப் புரிவதில்லை.

இவ்வளவு பேசும் நானும் யோக்கியன் அல்ல. பத்தொன்பது அடிப் பழைய படகொன்றை வாங்கி இரண்டு கோடைக்காலம் ஓட்டினேன். கயிறு கிளிப்போடு சுவிட்சிலேயே கிடக்க, மறு முனை ஸ்டீயரிங்கைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற மார்ச்சில், கரையோரம் கட்டிய நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, சோதனைக்காகக் கிளிப்பைப் பிடுங்கினேன். எஞ்சின் நிற்கவில்லை. கிளிப் என் கையில் இருக்க, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. சுவிட்சின் பின்புறம் ஒயர் முனை பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. நீருக்குள் மூழ்கிய மரக்கட்டைகள் உள்ள ஏரி இது. ஒன்றில் தட்டி நான் விழுந்திருந்தால், கயிறு மாட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க டெக்சஸ் சட்டம் சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் யோசித்தேன். கயிற்றோடு நான் தண்ணீரில் விழுந்தால் கிளிப்பும் என்னோடு வந்துவிடும். கிளிப் இல்லாமல் என் படகின் எஞ்சின் மறுபடி கிளம்பாது. படகில் மிஞ்சியிருக்கும் மனைவியும் மகளும் என்னைத் தூக்க வர வழியின்றிக் காற்றில் மிதந்து விலகிக்கொண்டே போவார்கள். புது சுவிட்சோடு மாற்றுக் கயிறு ஒன்றையும் வாங்கி, ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கப் பெட்டியில் வைத்தேன். போன சனிக்கிழமை, ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "அப்பா இப்போ தண்ணிக்குள்ள இருக்கேன், என்ன செய்வே?" என்று மகளிடம் கேட்டேன். பெட்டியைத் திறந்து, கிளிப்பை மாட்டி, எஞ்சினைக் கிளப்ப அவளுக்கு முதல் தடவை இரண்டு நிமிடம் ஆனது. நான்காவது தடவை இருபது நொடி.