ஈயம் இருக்கிறது, பேரீச்சம்பழம்தான் இல்லை

காலை எட்டரைக்குக் கீழே இறக்கிய டிவியை மதியம் இரண்டே முக்காலுக்கு மறுபடியும் மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதே டிவி, அதே மேசை, அதே மூலை. நடுவில் 700 ரூபாயும் ஒரு சனிக்கிழமையும் என் இடுப்பும் போனதுதான் மிச்சம்.

21 அங்குல பிக்சர் டியூப் டிவி. தூக்கியவர்களுக்குத் தெரியும் அதன் குணம். பாரம் முழுக்க முகத்தில் இருக்கும், முதுகு வெறும் பிளாஸ்டிக். பிடிக்க ஓர் இடம் கிடையாது. மச்சான் மேலே, நான் கீழே, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகத் துழாவி இறங்கினேன். கடைசிப் படிக்கு நேர் எதிரே ஒரு புண்ணியவான் புல்லட்டைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

"ராத்திரி குப்பைத்தொட்டி பக்கத்துல வச்சுட்டு வாடா, காலைல இருக்காது" என்று அம்மா நேற்றே சொன்னாள். உண்மைதான். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் கட்டில் முதல் கக்கூஸ் பீங்கான் வரை அப்படித்தான் விடிவதற்குள் மாயமாகியிருக்கிறது. நான்தான் படித்தவன் ஆயிற்றே. முறைப்படிதான் போடுவேன் என்று வீறாப்பு பேசினேன்.

ஏனென்றால் அந்தக் கண்ணாடிக்குள் கிலோ கணக்கில் ஈயம் இருக்கிறது. உள்ளே உண்டாகிற எக்ஸ் கதிர் நம் மேல் படாமல் இருப்பதற்காகக் கண்ணாடியிலேயே கலந்து வைத்தது. முழுசாக இருக்கிற வரை யாரையும் ஒன்றும் செய்யாது. உடைத்து மண்ணில் போட்டால்தான் வினை. சின்ன வயதில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அப்போது தட்டில் ஓட்டை விழாதா என்று காத்திருப்போம். இன்று வீட்டில் இத்தனை ஈயம் இருக்கிறது. ஒரு பேரீச்சங்கொட்டை கொடுக்கக்கூட ஆளில்லை.

முதலில் கடைக்குப் போனேன். "எந்த நிலையில் இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச்" என்று கட்டடம் உயரத்துக்குப் பேனர் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த தம்பி, "எந்த நிலைன்னா எல்.இ.டி. எந்த நிலைல இருந்தாலும் சார்" என்றான். சரி.

மின்னணுக் கழிவுக்குச் சட்டம் இல்லாமலா? 2011-ல் ஒன்று வந்தது, 2016-ல் ஒன்று, 2022-ல் ஒன்று. கடைசியாக வந்தது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏப்ரல் 1. தேதியை நான் குறிக்கவில்லை. முன்பு 21 வகைப் பொருள்கள் பட்டியலில் இருந்தன, இப்போது 106. தயாரித்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்கிறது. படிக்கப் படிக்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் என் டிவியைத் தயாரித்தவர்கள் கடையைக் கட்டிப் பல வருஷம் ஆகிறதே? சாலிடேர், டயனோரா என்று மெட்ராஸ் டிவிப் பேர்களாகக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம். அந்தக் காலத்துப் பெட்டிக்கெல்லாம் இன்று யார் பொறுப்பு? தாசில்தார் ஆபீசில் டிவிக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வர வேண்டுமா?

அப்புறம் இணையத்தில் தேடி, மாதவரம் பக்கம் ஒரு சேகரிப்பு மையத்தின் முகவரியைப் பிடித்தேன். மீன்பாடி வண்டி பேசினேன், போக 350. வண்டிக்காரர், "இன்னா சார், ரிப்பேருக்கா?" என்றார். இல்லை, தூக்கிப் போட என்றேன். அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "தூக்கிப் போடறதுக்கு முந்நூத்தம்பதா?" என்று கேட்டுவிட்டு, மனசு மாறிவிடுவேனோ என்று சட்டென்று வண்டியைக் கிளப்பினார்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முழு கூட்ஸ் வண்டி ஒன்று போகிற வரை, பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக "புது டிவியா?" என்றார்கள். 2025-க்கு அப்புறமும் பிக்சர் டியூபைப் புதுசு என்று நம்புகிற மனிதர்கள் இருக்கிறார்கள். வாழ்க.

மாதவரம் முகவரியில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. ஆளுயர அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியவர், நான் வாய் திறப்பதற்கு முன்பே, "அவங்க காலி பண்ணி ஒரு வருஷம் ஆச்சுப்பா" என்றார். "தினமும் ஒருத்தர் கீபோர்டு தூக்கினு வராங்க. நீதான் டிவியோட வந்திருக்க." அதில் ஒரு பாராட்டு மாதிரி இருந்தது.

அண்டா நிழலில் நின்று அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று 11 நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். எத்தனை டன் சார்?"

நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். "இருபத்தஞ்சு கிலோ இருக்கும்மா."

"மினிமம் நூறு கிலோ சார்."

"ஒரு மிக்ஸி, ரெண்டு செட்டாப் பாக்ஸ், மூணு பழைய செல்போனும் இருக்கு."

"எல்லாம் சேர்த்து நூறு வருமா சார்?"

மச்சானையும் சேர்த்து ஏற்றினால் வரும். சொல்லவில்லை.

"ஜி.எஸ்.டி. நம்பர் சொல்லுங்க சார்."

"இது வீடும்மா."

"வீடா?" என்றாள். அந்தத் தொனியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. டிவியெல்லாம் வீட்டில் வைத்திருப்பார்களா என்பது போன்ற ஒரு 'வீடா'.

"அப்போ உங்க அசோசியேஷன் லெட்டர்ஹெட்ல ஒரு மெயில் போடுங்க சார்."

எங்கள் கட்டடத்தில் சங்கம் என்றால் காலையில் மோட்டார் போடுகிற தாத்தா ஒருவர்தான். மெயில் என்றால் அவருக்கு சென்ட்ரலில் இருந்து ராத்திரி கிளம்புவது.

"கடைசியா ஒண்ணு சார். பிக்சர் டியூப் டிவியா? அதுக்கு நீங்கதான் எங்களுக்குச் சார்ஜ் கட்டணும்."

நான் வைத்துவிட்டேன். உடனே ஒரு குறுஞ்செய்தி: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? பகல் பன்னிரண்டு மணிக்கு மாதவரத்தில் எனக்குக் கண்ணில் தெரிந்த அத்தனை நட்சத்திரத்தையும் கொடுத்தேன்.

திரும்பி வர இன்னொரு 350. வழியில் கொடுங்கையூர் குப்பைமேட்டு வாடை. அதைத் தாண்டும்போது வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. 2006-ல் தொடங்கி 2011 வரை வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி மட்டுமே 1.5 கோடிக்கு மேல். எல்லாம் பிக்சர் டியூப். அதற்கப்புறம் இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வேறு. அத்தனையும் நூறு நூறு கிலோவாகச் சேர்ந்து, லெட்டர்ஹெட்டில் மெயில் போட்டு, மரியாதையாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புவோம்.

எங்கள் தெருமுனைக் காயலான் கடை பாய் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "காலைல ஏத்தினு போனதை இப்போ இறக்கினு வர்றியா தம்பி? குடு, 120 தரேன்."

"உள்ள என்ன எடுப்பீங்க பாய்?"

"பின்னாடி காயில்ல செம்பு இருக்கும். போர்டுக்கு ஆள் வந்து எடுத்துனு போவாங்க."

"கண்ணாடி?"

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. கால்வாய் இருக்கிற பக்கம் மோவாயை லேசாகத் தூக்கிக் காட்டினார். இன்று முழுக்க நான் கேட்ட கேள்விகளுக்கு நேர்மையான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, டிவியைக் கொடுக்கவும் முடியவில்லை. ராத்திரி ஜன்னலைத் திறந்தால் ஒயர் எரிக்கிற வாடை வருகிறதே, அதுவும் இதே செம்புக்காகத்தான். அந்தப் புகையை இழுத்துக்கொண்டு கம்பி பொறுக்குகிற பையன்களிடம் எந்தக் கம்பெனியும் ஜி.எஸ்.டி. கேட்கவில்லை.

சரி, ஏற்றியாயிற்று. அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய டிவி உறையை மறுபடி போர்த்தி, மேலே பூச்சாடியை வைத்துவிட்டாள். அதாவது உறையை அவள் காலையில் தூக்கிப் போடவே இல்லை. மடித்து வைத்திருந்தாள். பெற்றவள் அல்லவா, பிள்ளை எதுவரை போய்த் திரும்புவான் என்று தெரியும்.

தண்ணீர் குடித்துவிட்டுச் செருப்பை உள்ளே எடுக்கலாம் என்று கதவைத் திறந்தால், வாசலில் இரண்டு செத்த மிக்ஸி, ஒரு வீங்கிப்போன யூ.பி.எஸ். பேட்டரி, ஒரு பை நிறைய ரிமோட்டும் சார்ஜரும். இரண்டாவது மாடி அக்கா படியில் நின்று சிரிக்கிறார். "தம்பி, நீங்க ஏதோ பழைய சாமான் எடுத்துனு போறீங்களாமே. அடுத்த தடவை போறப்ப இதையும் சேர்த்துக்கங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தேன். மச்சான் பேட்டரியைத் தூக்கிப் பார்த்து, "மாமா, நூறுக்கு இன்னும் ஒரு நாற்பதுதான் குறையும்" என்கிறான். கணக்கு வேறு.

அது கிடக்கட்டும். படிக்குக் கீழே புல்லட்டைக் குறுக்கே நிறுத்துகிறவனே, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். பக்கத்தில் அவ்வளவு இடம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலையும் பூட்டிவிட்டு, எங்கேயடா போய்த் தொலைகிறாய்?