பேர் வெட்டிய அண்டாவுக்குச் சீட்டு எங்கே?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பித்தளை அண்டா, குத்துப்போணிகளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றின் விளிம்பில் இரண்டு மூன்று எழுத்து வெட்டியிருக்கும். எந்த வீட்டுச் சாமான் என்று சொல்லும் விலாசம் அது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த செட்டிநாட்டு வட்டிக்கடைகளின் வரும்படி நின்றது. பராமரிக்க முடியாத வீடுகளைப் பிற்பாடு பிரித்து விற்றார்கள். தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஸ்வீடன் எனாமல் தூக்கும் கடைக்கு வந்தது அப்படித்தான்.

மொத்தமாக விற்றுவிட்டால் சிக்கல் இல்லை. "கடையில வைங்க, வித்ததும் பணம் குடுங்க" என்று வாய்வார்த்தையில் விட்டுவிட்டு வருகிறார்களே, அதுதான் தப்பு. விற்கும்வரை பொருள் உங்களுடையதுதான். ஆனால் விற்கச் சொல்லி நீங்களே ஒப்படைத்த பொருளைக் கடைக்காரர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாலும், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே உரிமை சேர்ந்துவிடும். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அப்படி. பிறகு நீங்கள் கடைக்காரரைத்தான் கேட்க முடியும். கையில் சீட்டு இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

ஆகவே இரண்டு பிரதியில் சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "விற்றுத் தருவதற்காக மட்டும் ஒப்படைத்தது" என்ற வரி கட்டாயம் வேண்டும். வெட்டியிருக்கும் எழுத்து அப்படியே, உங்கள் முன்னால் நிறுத்த எடை, உயரம், நசுங்கல், ஈயப்பற்று, எனாமல் உதிர்ந்த இடம் எல்லாம் வரட்டும். இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற விலை, கமிஷன் எத்தனை சதவீதம், வண்டிக்கூலி யார் தலையில், எத்தனை நாள் கெடு, திருட்டோ தீயோ நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதும் இருக்கட்டும். அடிப்பக்கத்தையும் எழுத்தையும் கிட்டத்தில் படமெடுங்கள். எழுத்தை அரத்தால் ராவிவிட்டால் அதே அளவில் பத்து அண்டா இருக்கும் கடையில் உங்களுடையது எது என்று நிரூபிக்க வழியில்லை.

வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் முகப்பிலும் (முன்கட்டு) வளவிலும் (உள்கட்டு) இருக்கும் சாமானும் பெரும்பாலும் பொதுதான். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஊஞ்சல் பலகைக்காகப் பிறகு எல்லாரும் கோர்ட்டுக்கு அலைவது தேவையா? முதலிலேயே எல்லாரிடமும் சம்மதம் எழுதி வாங்குங்கள்.

சாமி விக்கிரகம் வேறு கணக்கு. நூறு வருஷம் தாண்டியிருந்தால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் வந்துவிடும். தொல்லியல் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும், விற்கும் கடைக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மீறி அனுப்பினால் குறைந்தது 6 மாதம் சிறை.

இன்னொன்று, கொடுப்பதற்கு முன் பளபளப்பாக்க வேண்டும் என்று புளியும் ஆசிடும் போட்டுத் தேய்க்காதீர்கள். பல வருஷம் படிந்த மங்கலை நம்பித்தான் விவரம் தெரிந்தவர் விலை சொல்வார். தஞ்சாவூர் படத்தில் ஈரத்துணியே படக்கூடாது. சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பசை ஊறி, மேலே ஒட்டிய தங்க ரேக்கோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.